மகனைப் பார்க்க வந்தவர்

வெளிநாட்டில் கைக்குழந்தையோடு இருக்கும் வீட்டுக்கு ஊரிலிருந்து அம்மா வருகிறார் என்றால், பிள்ளைகள் முதலில் போடுவது ஊர் சுற்றிக் காட்டும் திட்டம்தான். அதைவிட அவருக்குத் தேவை ஒரு பொறுப்பு என்பேன். சான்று கொடைக்கானலில் இருக்கிறது. மதுரைப் பகுதி அமெரிக்க மிஷனரிகள் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் தப்பி 1845லேயே அங்கே வீடு கட்டினார்கள். ஆனால் குழந்தைகளின் படிப்புக்கு வழி இல்லை. கடல் கடந்து அனுப்பினால் ஆண்டுக்கணக்கில் முகம் பார்க்க முடியாது. இந்தியாவில் இருந்த மகன் ஷெர்வுட் எடியைப் பார்க்க அமெரிக்காவிலிருந்து வந்த மார்கரெட் எடி இந்தத் தவிப்பைக் கண்டார். 1901இல் ஹைகிளெர்க் என்ற கட்டடத்தில் பள்ளி தொடங்கியது. அதன் முதல் தலைமையாசிரியர் அவரே. இன்றைய கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூல் அதுதான்.

ஓய்வெடுக்கும் வயதில் அம்மாவைச் சம்பளமில்லாத ஆயாவாக்குவதா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அப்படி நடக்கும் வீடுகளும் உண்டு, அது தவறுதான். எடி அம்மையார் செய்தது எடுபிடி வேலை இல்லையே, முடிவெடுக்கும் பொறுப்பு அவர் கையில் இருந்தது. பேரனுக்குத் தமிழ் சொல்லித்தருவது அம்மா வேலை என்றால், எப்போது, எப்படி என்பதையும் அவரே தீர்மானிக்கட்டும். பெற்றோருக்கான கனடாவின் சூப்பர் விசாவில் ஒருமுறை வந்தால் 5 ஆண்டுவரை தங்கலாம். அத்தனை காலம் விருந்தாளியாகவே யாரால் உட்கார்ந்திருக்க முடியும்? டிக்கெட் எடுக்கும் முன்பே அம்மாவிடம் கேளுங்கள், வந்து என்ன செய்ய ஆசை என்று.