மீன்தொட்டிக் கல்லை அலசலாமா?

மீன்தொட்டி கலங்கினால் அடியில் கிடக்கும் கல்லையெல்லாம் வாரி, குழாய்த் தண்ணீரில் பளபளவென்று அலசிப் போடுவது பலர் வழக்கம். அந்தச் சுத்தமே மீனுக்கு எமனாகலாம். கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாக்கி, பிறகு அவ்வளவாகத் தீங்கில்லாத நைட்ரேட்டாக்கும் பாக்டீரியாக்கள் கல்லின் மேல் வழவழப்பாக ஒட்டியிருக்கின்றன. குழாய்த் தண்ணீரின் குளோரின் அவற்றைக் கொல்லும். அவைதாம் பில்டரிலும் இருக்குமே என்பீர்கள். சரிதான், ஆனால் சின்னத் தொட்டிகள் பலவற்றில் பில்டரே கிடையாது! அதற்காக அழுக்கை விட்டுவைக்க வேண்டியதில்லை. தண்ணீர் மாற்றும்போது டியூபைக் கல்லுக்குள் செருகி உறிஞ்சினால் எச்சமும் மிச்சத் தீனியும் வெளியேறும், கல் தங்கிவிடும். கல் வாங்கும்போது 2, 3 மில்லிமீட்டர் பருமன் போதும்; பெரிய கல்லிடுக்கில் தீனி சிக்கி அழுகும். வாங்கிய கல்லில் ஒரு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்புக் கல், தண்ணீரின் கடினத்தன்மையைக் கூட்டும். புதுக் கல்லைத் தாராளமாக அலசலாம், சோப்பு மட்டும் படாமல்.