கூடையை விட உயிர் பெரிது

(யாழ்ப்பாணத்தில் நடந்த குடும்ப ஒன்றுகூடலில் மாதர் பிரிவு உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



நான் மேடையில் பேசிப் பழகியவள் இல்லை. 22 வருடம் மலையில் கொழுந்து பறித்தவள். மார்பில் கட்டி தட்டுப்பட்ட பிறகும் ஆறு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு பக்கம் வெட்கம். மறுபக்கம், கிளினிக் போனால் அன்றைய பேர் போய்விடுமே என்ற பயம். அந்த ஆறு மாதத்தை இனி யாரும் எனக்குத் திருப்பித் தர முடியாது.

மூத்த மகள் இங்கே வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அதனால் தெல்லிப்பழை புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். 2011இல் தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை நடந்து சேர்த்த பணத்தில் எழுந்த ஆஸ்பத்திரி அது. அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒப்பரேசனுக்குக் காசு கேட்பதில்லை. ஆனால் பஸ் காசு, கூட நிற்பவரின் சாப்பாடு, இழந்த சம்பளம் எல்லாம் நம் தலையில்தான். திகதி கிடைத்த அன்றே வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து கணக்குப் பாருங்கள். பிள்ளைகளை யார் பார்ப்பது, தண்ணீர் யார் எடுப்பது என்று அன்றைக்கே பேசி முடியுங்கள்.

டாக்டரிடம் கேட்கக் கூச்சப்படாதீர்கள். எதை எடுக்கப் போகிறீர்கள், எத்தனை நாள் தங்க வேண்டும், எப்போது வேலைக்குப் போகலாம் என்று கேளுங்கள். பிரஷர், சீனி வருத்தத்துக்குக் குடிக்கும் மருந்தையும் நாட்டு மருந்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். வெற்றிலை, புகையிலை, சிகரெட்டை நிறுத்துங்கள். முன்பக்கம் திறக்கிற சட்டை இரண்டு எடுத்து வையுங்கள்.

முதல் நாள் இரவு நான் அழுதேன். பக்கத்துக் கட்டில் அக்கா, "அழுதிட்டுப் படு பிள்ளை, விடியும்" என்றார். அதுவே எனக்குப் பெரிய மருந்து.

வீட்டுக்கு வரும்போது காயத்தில் குழாய் இருந்தது. தினமும் எவ்வளவு நீர் வடிகிறது என்று மகள் கொப்பியில் எழுதினாள். காய்ச்சல், காயம் சிவந்து சூடாதல், சீழ், மூச்சுத் திணறல், கால் வீக்கம் வந்தால் விடியும் வரை காத்திருக்கக் கூடாது. வீட்டுக்காரர் முதல் வாரம் என் காயத்தைப் பார்க்கவே பயந்தார். பிறகு அவரே துணி துவைத்தார், சோறு வடித்தார். ஆண்களே, நோயாளிக்கு ஆறுதல் வார்த்தை மட்டும் போதாது.

அக்குளில் நிணநீர்க் கணுக்களை எடுத்தால் அந்தக் கை வீங்கக்கூடும். சொல்லித் தந்த பயிற்சியை விடாமல் செய்ய வேண்டும். சுவரில் விரலால் மெல்ல மெல்ல மேலே ஏறுவது அதில் ஒன்று. அந்தக் கையில் வெட்டு, கீறல் பட்டால் உடனே சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். டாக்டர் சம்மதிக்கும் வரை கூடை தூக்காதீர்கள்.

"இன்றைக்கு இத்தனை கிலோ வேண்டும்" என்று தோட்டம் கேட்கும். அப்போது தனியாகப் போய் நிற்காதீர்கள். டாக்டரின் கடிதத்தோடு தோட்டத் தலைவரிடம் போங்கள். சுகமாகி வருகிறவருக்கு லேசான வேலை கேட்பது பிச்சை அல்ல. சங்கம் அதற்காகத்தான் இருக்கிறது.

மார்பில் கட்டியோ, வாயில் இரண்டு வாரம் ஆறாத புண்ணோ இருந்தால் நாளைக்கே காட்டுங்கள். ஒரு நாள் பேர் போனால் இன்னொரு நாள் வாங்கலாம்.