புகைப்படத் திருத்தம்: பயின்று செய்யவேண்டிய தொழில்

(மாணவர் வழிகாட்டி நிகழ்ச்சியில் ஆற்றிய உரை)

 

கைப்பேசியில் படத்தை அழகுபடுத்தத் தெரிந்த நம் பிள்ளைகள் பலர், புகைப்படத் திருத்தத்தையே தொழிலாகக் கொள்ளலாமா எனக் கேட்கின்றனர். கொள்ளலாம், ஆனால், முறையாகப் பயின்றே இறங்கவேண்டும் என்பது நம் விடை.

இது கணினியோடு பிறந்த தொழிலன்று. ஃபிலிம் காலத்து ஸ்டூடியோக்களில் நெகட்டிவின்மீது கூர்சீவிய பென்சிலால் மெல்லத் தீட்டுவார்கள். அவ்விடம் அச்சில் வெளுத்து விழும், முகச்சுருக்கம் மறையும். ‘டச்சிங்’ என்ற அக்கலைக்குக் கண்ணும் கையும் பழகவேண்டியிருந்தது. 1990இல் ஃபோட்டோஷாப் வெளிவந்தபின் இவ்வேலை படிப்படியாகக் கணினிக்கு மாறியது. 2023இல் அம்மென்பொருளுக்குள் படத்தை உருவாக்கும் செயற்கை நுண்ணறிவும் புகுந்தது. பின்னணியை நீக்குவது போன்ற எளிய வேலைகள் இன்று நொடியில் முடிகின்றன. அவ்வளவு மட்டுமே தெரிந்தவரை நாளை யார் வேலைக்கு வைப்பார்?

ஆகவே அடிப்படையைக் கற்கவேண்டும். திரையில் சிவப்பு, பச்சை, நீல ஒளிகளால் தெரியும் படம், அச்சகத்தில் சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு மைகளால் உருவாகிறது. இவ்வேறுபாட்டை அறியாதவர் திருத்திய படம் அச்சில் நிறம் மாறிவிடும். நல்ல அச்சுக்கு அங்குலத்திற்கு 300 புள்ளிகள் என்பது பொதுவான அளவு. வாட்ஸ்அப்பில் சுருங்கி வந்த படத்தைப் பெரிதாக்கினால் மங்குவது இதனால்தான்.

படிப்பிற்கு வழியுண்டு. இந்திய அரசின் கைவினைஞர் பயிற்சித் திட்டத்தில் ‘டிஜிட்டல் ஃபோட்டோகிராஃபர்’ என்னும் தொழிற்பிரிவு உள்ளது. அரியாங்குப்பம் பாரதியார் பல்கலைக்கூடத்தில் நுண்கலைப் பட்டப்படிப்பு உள்ளது. வீட்டில் பழக, கட்டணமில்லாத ‘கிம்ப்’ மென்பொருள் போதும்.

திருமண ஆல்பம் மட்டுமே இத்தொழிலன்று. வைத்திக்குப்பத்திலிருந்து கடலோரமாகத் தெற்கே சென்றால், 1955இல் தொடங்கப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இருக்கிறது. அங்கு ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட புகைப்படங்கள் காக்கப்படுகின்றன. தமிழகத்துப் பழைய ஸ்டூடியோக்களின் படங்களையும் அந்நிறுவனத்தார் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு கணினியில் பதிவுசெய்துள்ளனர். உப்புக் காற்றில் வெளிறிப்போன நம் பாட்டன், பாட்டியர் படங்களை மீட்டுத் தருவதும் இதே கைத்திறன்தான்.

இறுதியாக ஒன்று. திருமண வீட்டார் நம்பித் தரும் பெண்மக்களின் படங்கள் அமானிதம். அவற்றை அனுமதியின்றி வெளியிடுவதோ, வேறோர் உடலோடு ஒட்டுவதோ பெருங்குற்றம். ஒருவரது அந்தரங்கப் படத்தை அவர் இசைவின்றிப் பரப்பினால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவின்படி 3 ஆண்டுகள் வரை சிறை உண்டு.

பெற்றோர்களே! பயிற்சி நிலையத்தில் பணம் கட்டுமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள். மாணவர் ஒவ்வொருவருக்கும் தனிக் கணினி உண்டா? திருத்திய படத்தை அச்சிட்டுக் காட்டுவார்களா? பிறர் படத்தைக் கையாளும் ஒழுக்கத்தைக் கற்பிப்பார்களா? மூன்றிற்கும் ‘ஆம்’ என்ற பதில் வந்தால் பிள்ளைகளைச் சேருங்கள்.