டியூட்டி பட்டியலில் தெரியும் கொள்கை



ஒரு நிறுவனத்தின் கொள்கை எது என்று தெரிய வேண்டுமா? வரவேற்பறைப் பலகையை நான் படிக்க மாட்டேன். யாருக்கு எங்கே வேலை என்று எழுதிய டியூட்டி பட்டியலைக் காட்டுங்கள் என்று கேட்பேன்.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைப் பாருங்கள். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் ஜி. வெங்கடசாமி, 1976இல் 11 படுக்கைகளோடு அதைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் கோணிப்போன விரல்கள் அவருக்கு. அந்த விரல்களால் கத்தி பிடிக்கப் பழகி, ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பார்வை கொடுத்த மனிதர். தடுக்கக்கூடிய பார்வையிழப்பு யாருக்கும் வரக்கூடாது என்பது அவர் எண்ணம்.

நல்ல எண்ணம் பலருக்கும் வரும். அதை அவர் நடைமுறையில் எப்படிக் கட்டிவைத்தார்? பணம் கட்டுபவருக்கு அறை, கட்ட முடியாதவருக்குப் பாய். அந்த வித்தியாசத்தை அங்கே மறைக்கவில்லை. ஆனால் கட்டணப் பிரிவில் பார்க்கும் டாக்டரே முறை வைத்து இலவசப் பிரிவுக்கும் போக வேண்டும் என்று வைத்தார்கள். மருத்துவரின் கை இரு பக்கத்துக்கும் பொது.

அப்படியும் ஒரு குறை இருந்தது, நண்பர்களே. கண்புரை நீக்கிய பிறகு, வசதி உள்ளவர் கண்ணுக்குள்ளே லென்ஸ் வைத்துக்கொண்டார். ஏழைக்குக் கிடைத்தது சோடாபுட்டிக் கண்ணாடி. இறக்குமதி லென்ஸின் விலை அப்படி. சமமான சிகிச்சை என்று சொல்லிவிட்டு அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? 1992இல் ஆரோலேப் என்ற தொழிற்கூடத்தைத் தொடங்கி, லென்ஸை மதுரையிலேயே குறைந்த விலையில் செய்தார்கள். சொன்ன சொல் உறுத்தியதால் ஒரு தொழிற்கூடமே எழுந்தது! உங்கள் கொள்கை உங்களை எப்போதாவது இப்படி உறுத்தியிருக்கிறதா?

இன்னொன்று. அங்கே பார்வையைச் சோதிப்பவர்களும், நோயாளிக்குச் சிகிச்சையை விளக்குபவர்களும், அறுவை மேசையில் அடுத்தவரைத் தயார் செய்து வைப்பவர்களும் பெரும்பாலும் கிராமத்துப் பெண்கள். பள்ளிப் படிப்பை முடித்து வந்து, இரண்டு ஆண்டுப் பயிற்சி பெற்றவர்கள். ஒரு மேசையில் அறுவை முடிந்ததும் டாக்டர் பக்கத்து மேசைக்குத் திரும்புகிறார். அங்கே எல்லாம் தயார். அந்த வேகம் டாக்டருடையது மட்டுமா? அந்தப் பெண்ணின் கையை நம்பியல்லவா அவர் திரும்புகிறார்! பொறுப்பைக் கொடுத்து, அதற்கான பயிற்சியையும் கொடுத்து நம்புவது — மரியாதை என்று நான் சொல்வது இதைத்தான். வெறும் ‘வாங்க, போங்க’ போதாது.

நம் சங்கத்திலும் கொள்கை வாசகம் எழுதப் போகிறோம் என்கிறார்கள். எழுதுங்கள். எழுதும் முன்பு, வாசல் காவலரையும் துப்புரவுப் பணியாளரையும் அதே மேசையில் உட்கார வையுங்கள். எங்கே தடுமாறுகிறோம் என்று முதலில் அவர்கள் சொல்லட்டும், செயலாளர் குறிப்பெடுக்கட்டும்.