பழம்பாட்டுக்குக் கண்ணீர், பைந்தமிழுக்கு?

(கும்மிடிப்பூண்டித் தொழிலாளர் நடுவே நிகழ்த்தப்பெற்ற பொழிவின் எழுத்துவடிவம்)

  

ஆயுத பூசை எனப்படும் கருவி வழிபாட்டு நாள் வந்துவிட்டால், கும்மிடிப்பூண்டிச் சிப்காட்டிலும் திருவள்ளூரை அடுத்த காக்களூர்த் தொழிற்பேட்டையிலும் எந்திரங்கள் ஓய்கின்றன, ஒலிபெருக்கிகள் முழங்குகின்றன. எந்திரத்துக்குச் சந்தனமும், வாயிலுக்கு வாழைமரமும், ஆளுக்கொரு பொட்டலம் பொரியும் கடலையும் கிடைக்கின்றன. கொஞ்சம் வளம்பெற்ற ஆலையாயின், மாலையில் மெல்லிசைக் குழுவும் வந்துவிடுகிறது.

முதலில் இன்றைய பாட்டு. இளைஞர் எழுந்து ஆடுகின்றனர். சொல் எது, பொருள் எது என்று எவரும் கேட்பதில்லை. பறையடி ஒன்றே போதும். இரவு பத்து மணிக்குமேல் பாடகர் சற்றே நிறுத்தி, ஒரு பழம்பாட்டை எடுக்கிறார். உடனே கூட்டத்தின் பின்வரிசை அமைதியாகிறது. ஓய்வுபெறும் அகவையை எட்டிய உலைத் தொழிலாளர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். பக்கத்திலிருப்பவர், “அந்தக் காலம்போல் வருமா?” என்கிறார். “வரவே வராது” என்று விடை வருகிறது. மறுநாள் காலை இருவரும் ஆலைக்குள் நுழைகின்றனர். வாயிலில் தொங்கும் எச்சரிக்கைப் பலகையில் தமிழ் இல்லை. அதனை நினைத்து எவரும் கண்ணைத் துடைப்பதில்லை.

பெருமக்களே! இக்கண்ணீர் எதற்காக வடிகிறது? இதுவே இன்றைய கேள்வி.

இக்கேள்விக்கு விடைகாண, தமிழர் செவியை ஒரு தலைமுறைக்காலம் ஆண்ட இருவரின் வரலாற்றைப் பார்த்தல் வேண்டும். ஒருவர் பாலக்காட்டுப் பகுதியில் 1928-இல் பிறந்த எம். எசு. விசுவநாதன். மற்றவர் திருச்சிராப்பள்ளியில் 1922-இல் பிறந்த டி. கே. இராமமூர்த்தி. முன்னவர் கை ஆர்மோனியத்தில்; பின்னவர் கை வயலினில். இருவரும் இசையமைப்பாளர் சி. ஆர். சுப்பராமனிடம் பணிசெய்தவர்கள். 1952-இல் சுப்பராமன் இளமையிலேயே மறைந்தார். அவர் குறைவைத்துச் சென்ற படங்களின் இசையை இவ்விருவரும் முடித்துக் கொடுத்தனர். அவ்வாண்டே கலைவாணர் என். எசு. கிருட்டிணன் தம் ‘பணம்’ படத்துக்கு இருவரையும் இணைத்து இசையமைப்பாளராக்கினார். அகவையில் மூத்தவர் இராமமூர்த்தி. ஆயினும் பெயர் வரிசையில் விசுவநாதன் முன்னின்றார். மூத்தவர் பின்நின்று தாங்குவார் என்பதே கலைவாணர் சொன்ன அமைதி என்பர்.

அதன்பின் பதின்மூன்று ஆண்டுகள்! ‘பாகப்பிரிவினை’, ‘பாசமலர்’, ‘பாலும் பழமும்’, ‘ஆலயமணி’, ‘கர்ணன்’, ‘புதிய பறவை’, ‘காதலிக்க நேரமில்லை’ எனப் படம் படமாகப் பாட்டுகள் ஊரெல்லாம் பரவின. 1963-இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் எடுத்த விழாவில் நடிகர் சிவாசி கணேசன் கையால் ‘மெல்லிசை மன்னர்கள்’ என்னும் பட்டம் இருவர்க்கும் கிடைத்தது. மெல்லிசை! எத்துணை அழகிய தனித்தமிழ்ச்சொல்! பேரகராதி வேண்டாமல், பண்டிதர் பரிந்துரை வேண்டாமல், தெருவில் போவோர் வாயில் அச்சொல் தானே நிலைத்தது.

1965-இல் ‘ஆயிரத்தில் ஒருவன்’ படத்தோடு இருவரும் பிரிந்தனர். விசுவநாதன் தனியே நூற்றுக்கணக்கான படங்களுக்கு இசையமைத்தார். இராமமூர்த்தி ‘தேன்மழை’, ‘மறக்க முடியுமா’ முதலிய சில படங்களோடு ஒதுங்கிப்போனார். முப்பது ஆண்டுகள் கழித்து, 1995-இல், ‘எங்கிருந்தோ வந்தான்’ படத்துக்காக மீண்டும் இணைந்தனர். செய்தி கேட்டோர் மகிழ்ந்தனர். பழைய பொற்காலம் கதவைத் தட்டுகிறது என்றனர். கதவு திறந்தது, ஆனால் பொற்காலம் உள்ளே வரவில்லை. அப்படத்தின் பாட்டுகள் பழையவை பெற்ற இடத்தைப் பெறவில்லை. 2012-இல் முதலமைச்சர் செயலலிதா இருவரையும் ஒரே மேடையில் அமர்த்தித் திரையிசைப் பட்டம் சூட்டிச் சிறப்பித்தார். அடுத்த ஆண்டே, 2013 ஏப்பிரலில், இராமமூர்த்தி மறைந்தார். 2015 சூலையில் விசுவநாதனும் மறைந்தார்.

கூடியவர்கள் அதே இருவர், கருவிகளும் அவையே, கைகளும் அவையே. பின் ஏன் பழைய பாட்டு மீண்டும் பிறக்கவில்லை? கேட்டவர் தேடியது இசையை அன்று, தம் இளமையை! முதல் மாதக் கூலியை, முதற் காதலை, அன்னை உயிரோடிருந்த வீட்டை அப்பாட்டுகளோடு சேர்த்து முடிந்து வைத்திருந்தனர். அம்முடிச்சை எந்த இசையமைப்பாளராலும் மீண்டும் போட இயலாது. மாறாக, பழைய படங்களே திரும்பிவந்தபோது மக்கள் திரண்டனர். 2012-இல் புதுக்கி வெளியிட்ட ‘கர்ணன்’ நூறு நாளைக் கடந்தது. 2014-இல் ‘ஆயிரத்தில் ஒருவன்’ வந்து வெள்ளிவிழாக் கண்டது.

இப்பித்து தமிழர்க்கு மட்டுமே உரியதன்று. இங்கிலாந்தின் பீட்டில்சு குழுவினர் 1970-இல் பிரிந்தனர். அவருள் இலெனன் 1980-இல் சுட்டுக் கொல்லப்பட்டார். எஞ்சிய மூவரும் 1995-இல், இங்கு மெல்லிசை மன்னர்கள் மீண்டும் கூடிய அதே ஆண்டில், இறந்தவர் ஒலிநாடாவில் விட்டுச்சென்ற குரலைச் சுற்றித் தம் குரலைச் சேர்த்துப் புதுப்பாட்டு வெளியிட்டனர். சுவீடன் நாட்டின் அப்பா என்னும் நால்வர் குழு 1982-இல் ஓய்ந்தது. 2021-இல் நாற்பது ஆண்டுகளுக்குப்பின் புதுப்பாட்டுத் தொகுதி தந்தது. 2022-இல் இலண்டனில் அவர்களுக்கென்றே ஓர் அரங்கம் எழுந்தது. ஆனால், அம்மேடையில் பாடி ஆடுவோர் அந்நால்வர் அல்லர். கணினி வரைந்த அவர்தம் இளமை உருவங்கள்! உருவத்தைப் பார்க்க உலகம் பணங்கட்டி வரிசையில் நிற்கிறது.

இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்குக. அந்நால்வரும் 1974-இல் தம் நாட்டுத் தேர்வு மேடையில் பாடியது சுவீடியத்தில். அதே பாட்டை ஐரோப்பியப் போட்டியில் பாடி வென்றது ஆங்கிலத்தில். உலகப்புகழுக்காக அவர்கள் தாய்மொழியை மேடையில் விட்டனர். அதனால் சுவீடியம் அழிந்ததா? இல்லை! ஏன் இல்லை? அந்நாட்டுப் பள்ளியில் சுவீடியம், அறமன்றத்தில் சுவீடியம், ஆலையில் சுவீடியம், மருந்துச் சீட்டில் சுவீடியம். அடித்தளம் கல்லாயிருந்தால் மாடத்தில் எந்தக் கொடி பறந்தாலும் வீடு இடியாது. தமிழர் நிலை இதற்குத் தலைகீழ். மேடைப் பாட்டில் மட்டும் தமிழை வைத்துக்கொண்டு, அடித்தளத்தை ஒவ்வொரு கல்லாகப் பெயர்த்துக் கொடுத்து வருகின்றனர். பாட்டில் மட்டும் வாழும் மொழி, படத்தில் மட்டும் வாழும் பாட்டனைப் போன்றது. மாலை போடலாம், கைபிடித்து நடக்க முடியாது.

தனித்தமிழ் அன்பர் சிலர் இங்கே குறுக்கிட்டு, “திரைப்பாட்டுக்கு இத்துணைப் பெரும் பேச்சா? அது கூத்துப்பாட்டன்றோ? புலவர் அவையில் அதற்கென்ன வேலை?” என்பர். அவர்களுக்கும் விடையிறுத்தல் வேண்டும். தொல்காப்பியர் செய்யுளியலில் பண்ணத்தி என்றொரு வகையைப் பெயரிட்டுப் போற்றியிருக்கிறார். உரைகண்ட பேராசிரியர் நாடகப் பாட்டு முதலியவற்றை அதற்கு எடுத்துக்காட்டுகிறார். இளங்கோவடிகள் கடற்கரைக் கானல்வரியையும், வேட்டுவர் பாட்டையும், ஆய்ச்சியர் குரவையையும், உலக்கைப் பாட்டையும் தம் காப்பியத்துக்குள் அழைத்து அமரவைத்தார். அவர் இழிவென்று கருதாததை இன்றைய புலவர் இழிவென்று தள்ளலாமா? தள்ளியதன் விளைவு என்ன? மக்கள் பாட்டின் பக்கம் போயினர். புலவர் தனியே நின்றார்.

அக்காலத் திரைப்பாட்டில் குறையில்லை என்பது கருத்தன்று. வடசொல் மலிந்தவை உண்டு; பொருளற்றவையும் உண்டு. ஆயினும், கண்ணதாசனைப் போன்ற பாவலர் எழுதினர், டி. எம். சௌந்தரராசன், சீர்காழி கோவிந்தராசன், பி. சுசீலா முதலியோர் ழகரமும் ளகரமும் பிறழாமல் ஒலித்தனர். இருபத்தொன்பது அகவையில், 1959-இல், மறைந்த பட்டுக்கோட்டை கலியாணசுந்தரம் உழைப்பாளியின் பசியையும் உரிமையையும் பாட்டாக்கினார். வாத்தியம் சொல்லை அமுக்காது, சொல்லுக்குக் குடைபிடித்தது. கையெழுத்துப் போடத் தெரியாத தொழிலாளி வாயிலும் செய்யுள் நடை ஏறியது. 1950-களின் தொடக்கத்தில் நடுவண் அமைச்சர் கேசுகர் வானொலியில் திரைப்பாட்டைக் குறைத்தபோது, மக்கள் இலங்கை வானொலியைத் திருப்பினர். கடல்கடந்து வந்த தமிழ்க்குரல் அவர்கள் குடிசையில் ஒலித்தது. 1957-இல் விவித பாரதி தொடங்க நேர்ந்தது. மக்கள் விரும்பியதை அரசாலும் தடுக்க முடியவில்லை என்பதே இதன் பாடம்.

அப்படியாயின், இன்று மக்கள் தமிழில் விரும்பிக் கேட்டால், ஆலைப்பலகையில் தமிழ் வராதா?

இன்றைய மெல்லிசை மேடையைப் பாருங்கள். பாட்டு தமிழ், பாட்டை அறிமுகம் செய்யும் பேச்சு ஆங்கிலம் பாதி, தமிழ் பாதி. பாடியவர் பெயர் சொல்லப்படுகிறது. நடித்தவர் பெயர் உரக்கச் சொல்லப்படுகிறது. எழுதியவர் பெயர் சொல்லப்படுவதில்லை. வயலினும் குழலும் தவிலும் வாசித்தோர் இருந்த இடத்தில், பதிவுசெய்த பின்னணியை ஓடவிடும் கருவி ஒன்று உட்கார்ந்திருக்கிறது. பழம்பாட்டுக்கு உருகும் கூட்டம், அப்பாட்டை வாசித்த கைகள் வேலையிழந்ததைக் கேட்பதில்லை. இராமமூர்த்தியின் வயலினுக்கு நேர்ந்ததும் இதுவே. இருவர் பெயரைச் சேர்த்துச் சொன்ன நாடு, பிரிந்தபின் ஒருவரைப் பெரும்பாலும் மறந்தது. முதுமையில் மேடையேற்றி மாலையிட்டது. காலங்கடந்த மாலை மறதிக்குக் கழுவாய் ஆகாது.

சென்னைக்கு அருகே பனையூரில் 2023 செப்டம்பரில் நடந்த ஏ. ஆர். இரகுமான் இசைநிகழ்ச்சிக்கு ‘மறக்குமா நெஞ்சம்’ என்று பெயரிட்டிருந்தனர். திரண்ட கூட்டத்தில் சீட்டு வாங்கியவர் பலரே உள்ளே நுழைய முடியாமல் திரும்பினர். பின்னர்ப் பணம் திருப்பித் தரப்பட்டது. பழைய நினைவுக்காகத் தமிழர் எத்துணைத் தொலைவும் வருவர், எத்துணைத் துன்பமும் பொறுப்பர் என்பதற்கு அதுவே சான்று. அத்திரட்சியில் நூற்றிலொரு பங்கு மொழியுரிமைக்கு வந்தால் போதுமே!

தோழர்களே! இது சுவை பற்றிய வழக்கன்று. உயிர் பற்றிய வழக்கு. இரும்பை உருக்கும் உலையருகே நிற்பவனுக்கு, ‘தொடாதே’, ‘விலகி நில்’ என்னும் இரு சொற்கள் தன் மொழியில் வேண்டும். ஒடியத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து உடனுழைக்கும் தோழனுக்கும் அவன் மொழியில் வேண்டும். அவன் பகைவன் அல்லன். அவனும் தன் ஊர்ப்பாட்டைக் கைப்பேசியில் கேட்டு இரவில் கண் கலங்குபவனே. தன் தாய்மொழியை மதிப்பவன் பிறன் தாய்மொழியையும் மதிப்பான். இருவர் மொழியும் இல்லாத பலகையால் இருவர்க்கும் இடர்.

இம்மண் வடவெல்லை மண். ஆரம்பாக்கத்தைத் தாண்டினால் ஆந்திரம். திருத்தணி 1960 ஏப்பிரல் முதல்நாளன்று தமிழ்நாட்டோடு சேர்ந்தது, எவரும் பழம்பாட்டுக் கேட்டு அழுததால் அன்று. ம. பொ. சிவஞானம் போராடினார். மங்கலங்கிழார் ஊர் ஊராய்த் தமிழ் கற்பித்தார். தம் உழைப்பின் பயனைக் காணாமலே 1953-இல் மறைந்தார். எழுத்தறிந்த ஊர் எல்லையை மீட்டது. ஏங்குதல் வேறு, மீட்டல் வேறு.

எனவே, பாட்டை விட்டுவிடுங்கள் என்று எவரும் சொல்லவில்லை. கேளுங்கள், உருகுங்கள். ஆனால், அடுத்த கருவி வழிபாட்டு நாளில் நான்கு செய்க. பாட்டெழுதிய பாவலர் பெயரை மேடையில் சொல்லச் செய்க. அறிமுகப் பேச்சு நல்ல தமிழில் அமைய வேண்டுமென்று குழுவிடம் முன்னரே கேட்க. பதிவுக்கருவிக்கு மாறாக வாசிப்போர் இருவரையேனும் அழைக்க. விழாச் செலவில் ஒரு சிறுபங்கை ஒதுக்கி, ஆலை முழுதும் தமிழிலும் உடனுழைப்போர் மொழியிலும் எச்சரிக்கைப் பலகை எழுதி மாட்டுமாறு உரிமையாளரிடம் எல்லாரும் சேர்ந்து கேட்க.

பிரிந்த இருவர் கூட முப்பது ஆண்டுகள் ஆயின; கூடியபோது காலம் கடந்திருந்தது. தமிழரும் தமிழும் கூடுவதற்கு அவ்வளவு காலம் கடத்த வேண்டா. பின்வரிசையில் கண் துடைத்த அந்த உலைத் தொழிலாளர், மறுநாட்காலை வாயிற்பலகையில் தம் மொழியைப் படித்துக்கொண்டே உள்ளே நுழையட்டும். அந்நாளில் அவருடைய கண்ணீருக்குப் பொருள் கிடைத்துவிடும்.

வெல்க தமிழ்!