வாடகையும் குளிசையும்



சிட்னியின் மேற்குப் புறநகரொன்றில் குடும்ப வைத்தியராக இருக்கிறேன். "அவுஸ்திரேலியாவில் இருப்பவர்களுக்கு என்ன குறை?" என்று இங்கே பலரும் கேட்பதுண்டு. அதற்கு ஒரு கணக்குச் சொல்கிறேன்.

2022 ஏப்ரலில் அந்நாட்டு ரிசேர்வ் வங்கியின் வட்டி வீதம் 0.10. அடுத்த ஆண்டு நவம்பருக்குள் பதின்மூன்று தடவை ஏறி 4.35 ஆனது. 6 இலட்சம் டொலர் வீட்டுக்கடனை 30 வருடத்தில் கட்டி முடிக்க, 2 சதவீத வட்டிக்கு மாதம் ஏறத்தாழ 2,200 டொலர் போதும். 6 சதவீதமானால் 3,600. சம்பளம் அப்படி ஏறவில்லை. வாடகைக்கு இருப்பவர்கள் பாடு இன்னும் மோசம். பிள்ளைகளின் பாடசாலையை மாற்ற மனமில்லாமல் கேட்ட வாடகையைக் கொடுப்பார்கள்.

இதெல்லாம் என்னிடம் நோயாகத்தான் வருகிறது. வாடகையைப் பிந்திக் கட்டமுடியாது, குளிசையைக் குறைக்கலாம் அல்லவா! பிரஷர் குளிசையை ஒருநாள் விட்டு ஒருநாள் எடுப்பவர்கள், இரவில் இரண்டாவது வேலைக்குப் போய் நித்திரை கெட்ட தகப்பன்மார், மாரியில் ஹீற்றர் போடாத வீட்டில் இருமும் பிள்ளைகள். சீனி ஏன் கூடியது என்று கேட்க முதல் வாடகை எவ்வளவு என்று கேட்கிறேன். சில மருந்துகளை 60 நாளுக்கு ஒரே கட்டணத்தில் எடுக்கலாம் என்று 2023இல் வந்த விதி உண்மையில் பெரிய உதவி.

எங்கள் ஆட்களில் அநேகர் ஊருக்குக் காசு அனுப்புவதை மட்டும் நிறுத்துவதில்லை, கஷ்டத்தைச் சொல்வதுமில்லை. அடுத்தமுறை அவர்கள் ரெலிபோன் எடுக்கும்போது, மருந்து ஒழுங்காக எடுக்கிறீர்களா என்று நீங்களே கேளுங்கள்.