பெரியோர் சொல்லும் பெருக்கலின் தீர்ப்பும்

 

2 என்னும் எண்ணை 67 முறை எழுதிப் பெருக்குக. வரும் தொகையினின்று 1ஐக் கழிக்க. எஞ்சுவது 14,75,73,95,25,89,67,64,12,927. இருபத்தோரிலக்கப் பேரெண்! இது பகா எண்ணா? அன்றிச் சிறிய எண்களாற் பகுபடும் பகு எண்ணா? இவ்வொரு வினாவின் முழுவிடைக்கு மாந்த அறிவு 259 ஆண்டுகள் உழைத்தது.

இரண்டின் அடுக்கில் ஒன்று குறைந்த 3, 7, 31, 127 ஆகியவை பகா எண்களே. ஆயின், 11ஆம் அடுக்கில் வரும் 2047 அவ்வாறன்று. அது 23ஐ 89ஆற் பெருக்கிய தொகை. எனவே, இவ்வரிசையில் தோற்றத்தை நம்பி முடிவு கூறலாகாது.

பிரெஞ்சுத் துறவியாகிய மெர்சென் 1644இல், 257 வரையுள்ள அடுக்குகளுள் பகா எண் தருவன பதினொன்றே என வரையறுத்தார். அவற்றுள் 67உம் ஒன்று. சொன்னவர் பெரியவர், சான்றோ காட்டப்படவில்லை. எனினும், அக்கூற்று இருநூறாண்டுகளுக்கு மேல் நிலைத்தது.

1876இல் பிரெஞ்சு அறிஞர் இலூக்கா, தாம் கண்ட புது முறையால் இவ்வெண் பகு எண்ணே என மெய்ப்பித்தார். எவ்வெண்களாற் பகுபடும் என்பதை அம்முறை காட்டவில்லை. களவு நடந்தது உறுதி, கள்வன் அகப்படவில்லை!

1903ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள், நியூயார்க்கில் அமெரிக்கக் கணக்கியற் கழகம் கூடியது. பேராசிரியர் பிராங்கு நெல்சன் கோல் எழுந்தார். ஒரு சொல்லும் உரையாது கரும்பலகையில் 2இன் 67ஆம் அடுக்கைக் கண்டு 1ஐக் கழித்தார். மற்றொரு பக்கம் 19,37,07,721ஐ 7,61,83,82,57,287ஆற் பெருக்கினார். இரு விடைகளும் ஒன்றாயின. அவை கையொலி எழுப்பிற்று என்பர். மூன்றாண்டு ஞாயிற்றுக்கிழமைகள் இதற்குச் செலவாயின என அவர் கூறியதாகவும் வழங்குகிறது.

அவ்வுழைப்பின் அருமை எத்தகையது? இவ்வெண்ணைப் பகுக்கும் எவ்வெண்ணும் 134இன் மடங்கோடு 1 கூடியதாகவே இருத்தல் வேண்டும். அவ்வரிசையில் கோல் கண்ட சிறிய எண் 14,45,580ஆம் இடத்தது! ஒவ்வொன்றாய் வகுத்துப் பார்ப்பது ஒருவர் கைக்கு அடங்குமா? வேறு பல விதிகளால் வேண்டாதவற்றைக் களைந்தே அவர் அதனை எட்டினார். பெருக்கிக் காட்டல் எளிது. பகுத்துக் காண்டல் அரிது. இன்று கணினி இதனை நொடிப்பொழுதிற் பகுக்கும். ஆயினும், பன்னூறு இலக்கப் பேரெண்களில் அவ்வருமை இன்னும் நிலைக்கிறது. மறைமொழிக் காப்பு முறைகள் சில அதன்மேல் நிற்கின்றன.

மெர்சென் பட்டியலில் 67உம் 257உம் தவறாய்ப் புகுந்தவை. 61, 89, 107 தவறாய் விடுபட்டவை. 1947க்குள் ஐந்து பிழைகளும் தெளிந்தன. அதனால் அவர் பெருமை குன்றவில்லை. இன்றும் அவ்வகை எண்கள் அவர் பெயராலேயே வழங்குகின்றன. பெரியோரைப் போற்றுதல் வேறு. அவர் சொல்லை ஆராயாது ஏற்றல் வேறு. போற்றுக; ஆயின், பெருக்கியும் பார்க்க!